பிரையன்: ஒரு மன்னர் விட்டுச்சென்ற பெயர்

உலகின் பல நாடுகளில் ஆண் பிள்ளைகளுக்குச் சூட்டப்படும் பெயர் பிரையன். அயர்லாந்தில் வேரூன்றிய இப்பெயர், 'உயரம்', 'மேன்மை' எனப் பொருள்தரும் பழைய கெல்டிக் சொல்லிலிருந்து வந்திருக்கலாம் என்பது மொழியறிஞர்கள் கருத்து. அதற்குப் புகழ் சேர்த்தவர், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மன்னர் பிரையன் போரு.

பத்தாம் நூற்றாண்டில் அயர்லாந்து பல சிற்றரசுகளாகப் பிரிந்திருந்தது. டப்ளின், லிமரிக் போன்ற துறைமுக நகரங்கள் வைக்கிங் இனத்தவரின் பிடியில் இருந்தன. தெற்கே மன்ஸ்டர் பகுதியில், ஷானன் ஆற்றோரம் வாழ்ந்த சிறு குலம் ஒன்றில் பிறந்தவர் பிரையன். மன்ஸ்டரின் மன்னராக உயர்ந்த அவருடைய அண்ணன் மஹோன், 976ஆம் ஆண்டு எதிரிகளால் கொல்லப்பட்டார். அதற்குக் காரணமானவர்களை இரண்டே ஆண்டுகளில் வீழ்த்தி, பிரையன் மன்ஸ்டரைத் தம் வசமாக்கினார்.

அயர்லாந்தின் பேரரசர் பட்டம் பல நூற்றாண்டுகளாக வடக்கே ஒரே வம்சத்தாரிடம் இருந்துவந்தது. அந்த வழக்கத்தை உடைத்தவர் பிரையன். 1002ஆம் ஆண்டு, அப்போதைய பேரரசர் மலாக்கி அவருக்குப் பணிந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஆர்மா நகரத் தேவாலயத்திற்குச் சென்ற பிரையன், பலிபீடத்தில் 20 அவுன்ஸ் தங்கத்தைக் காணிக்கையாக வைத்தார்.

அவர் வைக்கிங்குகளை நாட்டைவிட்டு விரட்டினார் என்று பலரும் நம்புகின்றனர். உண்மை அவ்வளவு எளிதன்று. டப்ளினின் வைக்கிங் மன்னர் சிட்ரிக்கின் தாயாரைப் பிரையன் மணந்திருந்தார். தம் மகளைச் சிட்ரிக்குக்கே மணமுடித்தும் கொடுத்தார். ஆனாலும் உறவு பகையைத் தடுக்கவில்லை. லென்ஸ்டர் மன்னரும் சிட்ரிக்கும் கைகோத்து, கடல் கடந்தும் படைகளை வரவழைத்தனர்.

1014ஆம் ஆண்டு ஏப்ரல் 23, பெரிய வெள்ளி. டப்ளின் அருகே கிளான்டார்ஃபில் நாள் முழுதும் போர் நடந்தது. வெற்றி பிரையன் படைக்கே. ஆனால், முதுமையால் களமிறங்காமல் கூடாரத்தில் வேண்டிக்கொண்டிருந்த அவரை, தப்பியோடிய வைக்கிங் வீரர்கள் கொன்றதாக மரபுக் கதை கூறுகிறது. அவருடைய மூத்த மகனும் பேரனும் அன்றே மாண்டனர். ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைகள் ஒரே நாளில் சாய்ந்தன.

பிரையனின் உடல் ஆர்மாவில் அடக்கம் செய்யப்பட்டது. பேரரசர் பட்டம் மீண்டும் மலாக்கியிடம் போனது. சிட்ரிக் மேலும் பல்லாண்டு டப்ளினை ஆண்டார். பிரையன் பாடுபட்டுக் கட்டிய ஒற்றுமை அவரோடு கலைந்தது.

எஞ்சியது பெயர்தான். அவருடைய வழித்தோன்றல்கள் தங்களை 'பிரையனின் பேரர்' என்று அழைத்துக்கொண்டனர். அதுவே இன்றைய ஓபிரையன் எனும் குடும்பப் பெயர். அரியணை கைமாறினாலும், ஆயிரம் ஆண்டுகளாக அந்தப் பெயர் கைமாறவில்லை.