வைத்திய மாணவர் கரியோன் சரிதம்

கல்லூரி விழா மலர்களிலே பட்டமும் பதவியும் பெற்றுயர்ந்த பெரியோரின் சரிதங்கள் இடம்பெறுதல் மரபு. நாம் இங்கு எழுதப் புகுவதோ, வைத்தியப் பட்டம் பெறுமுன்னர் மாணவராகவே மாண்ட ஒருவரின் சரிதம். எனினும் அவர் பிறந்த பெரு நாட்டிலே பள்ளிச் சிறுவரும் அவர் பெயரை அறிவர்.

தானியேல் அல்சீடெஸ் கரியோன் 1857ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் செறோ டே பஸ்கோ என்னும் சுரங்க நகரிலே பிறந்தார். அந்தீசு மலைத்தொடரில் 4,300 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த ஊர் அது. நம் பீதுருதலாகலைச் சிகரம் 2,524 மீற்றரே. எக்குவடோர் நாட்டினரான தந்தையார் மைந்தனின் இளமையிலேயே காலமானார். கரியோன் தலைநகராகிய லீமாவிற் கல்வி பயின்று, சன் மார்க்கோஸ் பல்கலைக்கழகத்தின் வைத்திய பீடத்திற் சேர்ந்தார்.

அந்நாட்டு மலைப் பள்ளத்தாக்குகளிலே இரு பிணிகள் வழங்கின. ஒன்று வெறுகா, முகத்திலும் கைகால்களிலும் செந்நிறப் பருக்கள் திரண்டு, தொட்டால் குருதி கசியும். அது பெரும்பாலும் ஆளைக் கொல்லாது. மற்றையது கொடிய சுரம். லீமாவிலிருந்து ஒறோயாவுக்கு இருப்புப்பாதை அமைக்கையில், 1870ஆம் ஆண்டளவில், வேலையாட்கள் ஆயிரக்கணக்கில் அதற்கு இரையாயினர். ஒறோயா நகரிலே அச்சுரம் இல்லாதிருந்தும், பாதை சென்ற இடத்தின் பெயரே சுரத்துக்கும் ஒட்டிக்கொண்டது. பருவும் சுரமும் ஒன்றோ வேறோ என்பது வைத்தியருக்குள் தீராத வழக்காயிற்று.

1885இல் லீமா வைத்தியக் கழகமொன்று வெறுகா ஆராய்ச்சிக்குப் பரிசு அறிவித்தது. கரியோன் அதற்கு முன்னரே நோயாளர் குறிப்புகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். பரு தோன்றுமுன் உடலில் நிகழ்வன யாவை என்பதே அவர் ஐயம். ஆசிரியரும் தோழரும் தடுத்தும் கேளாராய், ஓகஸ்ட் 27ஆம் நாள் டோஸ் டே மாயோ வைத்தியசாலையில், நோயுற்ற சிறுவன் ஒருவனின் பருவிலிருந்து எடுத்த குருதியைத் தம் இரு கைகளிலும் குத்திக்கொண்டார். தாமாகக் குத்த முயன்று இயலாதபோது உதவியவர் வைத்தியர் சாவேஸ் என்பார்.

21 நாள்கள் யாதும் பெரிதாக நிகழவில்லை. செப்டெம்பர் 17இல் நோய் தொடங்கியது. நடுக்கம், சுரம், மூட்டுவலி, பின்னர் உடல் வெளுத்தல் என ஒவ்வொன்றையும் தம் கையாலேயே குறித்துவந்தார். 26ஆம் நாள் எழுதுகோல் பிடிக்கவும் வலுவற்றுப்போக, அப்பணியைத் தோழரிடம் ஒப்புவித்தார். தம் நண்பரொருவரைக் கொன்ற ஒறோயாச் சுரமே தம்மையும் பற்றியிருப்பதைப் படுக்கையில் உணர்ந்தார். பருவின் குருதியிலிருந்தே சுரம் பிறந்ததாயின், இரண்டும் ஒரு நோயே அன்றோ? அவர் தேடப் புகுந்தது வேறு, கண்டது இது. ஒக்டோபர் 5ஆம் நாள், குத்திக்கொண்ட 39ஆம் நாளில், தமது 28ஆம் வயதில் உயிர் நீத்தார்.

சாவேஸ் மீது கொலைப்பழி சுமத்தப்பட்டது. பின்னர் அது விடுபட்டது. தற்கொலையென்று ஏசினாரும் உளர். நம் கருத்தில், வழிகாட்ட வேண்டியவர்கள் ஒரு மாணவரை அத்துணைத் தனியாக விட்டது குறையே.

கிருமியை நோயாளரின் செங்குருதிக்கலங்களிற் கண்டவர் அல்பேட்டோ பார்ட்டன். 1909இல் அதை வெளியிட்டார். அதற்குப் பார்ட்டனெல்லா என்று பெயரிட்ட ஆர்வர்ட் ஆய்வுக்குழுவினரோ, சுரமும் பருவும் வெவ்வேறு எனச் சாதித்தனர். கரியோன் வீணே மாண்டாரென எண்ண இடமாயிற்று. 1926இல் யப்பானியராகிய நொகுச்சி, சுர நோயாளரின் குருதியிலிருந்து எடுத்து வளர்த்த கிருமியைக் குரங்குகளிற் குத்திப் பருக்கள் எழக் கண்டார். வழக்குத் தீர்ந்தது. நோயைப் பரப்புவது மணல் ஈ. பெயரைக் கேட்டுப் பெரியநீலாவணைக் கடற்கரை மணலை எவரும் ஐயுற வேண்டா. இது அந்தீசு மலைச்சரிவில் வாழும் பூச்சி.

ஒரு கிருமி இரு வேடம் பூணுவது எங்ஙனம்? முதலில் அது செங்குருதிக்கலங்களுட் புகுந்து அவற்றை அழிக்கின்றது. அதுவே உயிர்குடிக்கும் சுரம். தப்பியவரில், வாரங்களோ மாதங்களோ கழித்து, குருதிக்குழாய்களின் உட்சுவரைப் பற்றுகின்றது. காயம் ஆறும்போது புதிய குழாய்கள் முளைக்குமாறு உடல் ஒரு புரதத்தின் வாயிலாகக் கட்டளையிடும். வேலை முடிந்ததும் கட்டளை ஓயும். கிருமி தங்கிய இடத்திலோ குழாய்கள் ஓயாது முளைத்து முடிச்சாகத் திரள்கின்றன. அம்முடிச்சே வெறுகாப் பரு.

இக்குலத்துக் கிருமியொன்று பூனைகளிலும் உண்டு. எய்ட்ஸ் நோயாளரிடம் 1983 முதல் காணப்பட்ட செந்நிறக் கட்டிகள் சிலவற்றுக்கு அதுவும் காரணம். 2020இல் யப்பானிய ஆய்வாளர், அக்கிருமி சுரக்கும் புரதமொன்று உடலின் கட்டளைப் புரதம் போல நடித்து, அதே வாயிலைத் திறக்கின்றது எனக் காட்டினர். புற்றுநோயென அஞ்சத்தக்க அக்கட்டிகள், கிருமிகொல்லி மருந்தால் கிருமி மடிந்ததும் வாடிவிடுகின்றன.

சுரம், பரு இரண்டும் இன்று கரியோன் நோய் என்றே வழங்கும். பெரு நாட்டினர் ஒக்டோபர் 5ஆம் நாளை வைத்திய தினமாகக் கொண்டாடுகின்றனர். 1991இல் அவரைத் தேசிய வீரராகவும் பிரகடனஞ் செய்தனர். அவர் பிறந்த சுரங்க நகரிலே, இன்று அவர் பெயரால் ஒரு பல்கலைக்கழகம் நடைபெறுகின்றது.