நிக்கோலா லெப்லாங்

நிக்கோலா லெப்லாங் (டிசம்பர் 6, 1742 – ஜனவரி 16, 1806) ஒரு பிரெஞ்சு அறுவை மருத்துவரும் வேதியியலாளரும் ஆவார். சாதாரண உப்பிலிருந்து சலவைச் சோடாவைப் பெருமளவில் தயாரிக்கும் முறையைக் கண்டறிந்தவர் இவரே. வீட்டிலேயே சலவைத்தூள் கலப்போர் இன்றும் சேர்க்கும் முதன்மையான பொருள் இச்சோடாவாகும். இது கடின நீரின் கால்சியத்தை வீழ்படிவாக்கிச் சோப்பு நுரைக்க உதவுகிறது.

வாழ்க்கை

1780 இல் ஓர்லியான் கோமகனின் மருத்துவரானார். அக்காலத்தில் சோடா கடற்கரைத் தாவரங்களின் சாம்பலிலிருந்தே பெறப்பட்டது; பிரான்ஸ் இதற்குப் பெரிதும் ஸ்பெயினை நம்பியிருந்தது. மாற்றுவழி காண்போருக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் 2400 லிவர் பரிசு அறிவித்தது.

லெப்லாங் முறை

உப்பைக் கந்தக அமிலத்துடன் சூடாக்கிச் சோடியம் சல்பேட் பெறப்படும். அதனைச் சுண்ணாம்புக்கல், கரி ஆகியவற்றுடன் உலையில் வறுத்தால் கருஞ்சாம்பல் உண்டாகும். சாம்பலை நீரில் ஊறவைத்து வடித்து, வடிநீரை வற்றவைத்தால் சோடா எஞ்சும். முதற்படியில் வெளியேறும் ஐதரசன் குளோரைடு வளிமம் பின்னாளில் ஆலைகளைச் சூழ்ந்த பயிர்களைக் கருக்கியது. இதனைக் கட்டுப்படுத்தப் பிரித்தானியா 1863 இல் தனிச்சட்டமே இயற்ற நேர்ந்தது.

இறுதிக்காலம்

1791 இல் காப்புரிமை பெற்று, கோமகனின் பணத்தில் பாரிஸ் அருகே சென் டெனியில் ஆலை அமைத்தார். 1793 இல் கோமகன் கில்லட்டினில் கொல்லப்பட்டார். புரட்சி அரசு ஆலையைப் பறிமுதல் செய்ததுடன், செய்முறையையும் பொதுவில் வெளியிட்டது. இதனால் காப்புரிமை வெறும் தாளாயிற்று. பரிசுத்தொகையும் அவருக்கு வழங்கப்படவில்லை. நெப்போலியன் காலத்தில் ஆலை திரும்பக் கிடைத்தபோது அதை இயக்க முதல் இல்லை. வறுமையுற்ற லெப்லாங் 1806 இல் தற்கொலை செய்துகொண்டார். 1860களில் எர்னஸ்ட் சொல்வேயின் மலிவான முறை வந்த பின்னரும், லெப்லாங் முறை ஆலைகள் சில 1920களின் தொடக்கம் வரை இயங்கின.