திண்டிவனத்தில் ஒரே இரவில் பறிபோன 3 உயிர்கள்: மிஷனரி ஆக மறுத்த ஐடா ஸ்கடர் மனம் மாறியது எப்படி?

சென்னையிலிருந்து விழுப்புரம் போகிறவர்களுக்குத் திண்டிவனம் வழியில் வரும் ஊர். புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் சாலை பிரியும் இடம். டீ குடித்துவிட்டு பஸ் ஏறிவிடுவோம். ஆனால், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் கதை உண்மையில் வேலூரில் தொடங்கவில்லை, இந்தத் திண்டிவனத்தில்தான் தொடங்கியது. அதுவும், மிஷனரி வேலையே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரு இளம்பெண்ணின் வீட்டு வாசலில்.

அவர்தான் ஐடா ஸ்கடர். மிஷனரிகளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், எப்படித் தயார் செய்தார்கள், அவர்களுடைய குடும்பம் என்ன ஆனது என்ற கேள்விகளுக்கெல்லாம் இவருடைய வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

யார் இந்த ஸ்கடர் குடும்பம்?

ஐடாவின் தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் நன்றாகத் தொழில் நடந்துகொண்டிருந்த டாக்டர். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்தபோது கையில் கிடைத்த சிறு பிரசுரம் ஒன்றைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் விட்டுவிட்டு மனைவியோடு 1819-ல் கப்பல் ஏறினார். யாழ்ப்பாணம் பண்டத்தரிப்பில் வேலையைத் தொடங்கி, 1836-ல் சென்னைக்கு வந்தார். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குப் போன முதல் மருத்துவ மிஷனரி என்று இவரைச் சொல்வார்கள்.

அவருடைய ஏழு மகன்களும் இந்தியாவில் மிஷனரி ஆனார்கள். அவர்களில் மூவர் சேர்ந்து 1853-ல் ஆற்காடு மிஷனை நிறுவினார்கள். நான்கு தலைமுறைகளில் இந்த ஒரே குடும்பத்திலிருந்து 40-க்கும் மேற்பட்டவர்கள் இந்த வேலையில் இருந்தார்கள். திண்டிவனம் அப்போது தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. விழுப்புரம் மாவட்டம் பிரிந்தது 1993-ல்தான்.

இப்படிப்பட்ட வீட்டில், 1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார் ஐடா. டாக்டர் ஜான் ஸ்கடர், சோஃபியா தம்பதிக்கு இவர் ஒரே மகள், கடைக்குட்டி.

மிஷனரி ஆவது எப்படி?

ஆசைப்பட்டால் மட்டும் போதாது. அமெரிக்காவில் ஒவ்வொரு சபைப் பிரிவுக்கும் ஒரு மிஷன் போர்டு உண்டு. யாரை அனுப்புவது, எவ்வளவு சம்பளம், எந்த ஊர் என்பதையெல்லாம் போர்டுதான் முடிவு செய்யும். விண்ணப்பிப்பவரின் படிப்பு, நம்பிக்கை, உடல்நலம் எல்லாவற்றையும் பார்ப்பார்கள். இங்கே வந்து இறங்கியதும் முதல் வேலை தமிழ் படிப்பது. முன்ஷி வைத்துக் கற்று, தேர்விலும் தேற வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நீண்ட விடுப்பில் ஊருக்குப் போகலாம். ஆனால், அது முழு ஓய்வு கிடையாது. சபை சபையாகப் போய்ப் பேசி, பணமும் ஆளும் திரட்ட வேண்டும்.

பெண்களும் தனியாகக் குழுக்கள் அமைத்தார்கள். ஆற்காடு மிஷனை நடத்திய சீர்திருத்த சபையில் 1875-ல் பெண்கள் போர்டு உருவானது. அமெரிக்கக் கிராமங்களில் பெண்கள் சேர்த்துக் கொடுத்த சில்லறைக் காசுகூட வடாற்காட்டுக்கும் தென்னாற்காட்டுக்கும் வந்தது.

இதில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு கணக்கு இருந்தது. அது பிள்ளைகளின் கணக்கு.

அம்மா இல்லாத வீடு

வெயில், காலரா, காய்ச்சல் பற்றிய பயம் ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம். மிஷனரிகளின் பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் அவர்களை அமெரிக்காவில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு வருவது அன்றைய வழக்கம். பெற்றோரை மறுபடி பார்க்கப் பல வருஷம் ஆகும்.

ஐடாவுக்கும் அதுதான் நடந்தது. ஆறேழு வயதில் 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை நேரில் பார்த்த குழந்தை அவர். பசித்த பிள்ளைகளுக்கு ரொட்டி பிட்டுக் கொடுத்த நினைவு அவரைவிட்டு அகலவில்லை. பிறகு குடும்பம் அமெரிக்கா போனது. கொஞ்ச காலத்தில் அப்பா மட்டும் இந்தியா திரும்பினார். அப்புறம் அம்மாவும் கிளம்பிவிட்டார். பதின்வயதுப் பெண் சிகாகோவில் பெரியப்பா வீட்டில் விடப்பட்டார். அம்மா போன அன்று இரவு அவருடைய தலையணையில் முகம் புதைத்து அழுதார் என்று ஐடாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பின்னர் மாசசூசெட்ஸில் நார்த்ஃபீல்டு பெண்கள் பள்ளியில் சேர்ந்தார். கலகலப்பான பெண், குறும்புக்காரி. ஸ்கடர் வீட்டுப் பிள்ளை என்றாலே இந்தியாவுக்குத்தான் போகும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஐடாவோ முடியவே முடியாது என்றார். பஞ்சமும் பிரிவும் என்னவென்று தெரிந்தவரிடம் போய் யார் என்ன சொல்லி ஆள் சேர்க்க முடியும்?

அந்த இரவில் என்ன நடந்தது?

பள்ளிப் படிப்பு முடிந்த 1890-ல், திண்டிவனத்தில் இருந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் போனது. கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டு திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் ஐடா வந்தார்.

ஒருநாள் இரவு, விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தபோது வாசலில் சத்தம். ஒரு பிராமண இளைஞர். முதல் பிரசவத்தில் மனைவி தவிக்கிறாள், வந்து பாருங்கள் என்று ஐடாவைக் கூப்பிட்டார். எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அனுப்புகிறேன் என்றார் ஐடா. ஆண் ஒருவர் தன் மனைவியைப் பார்க்க முடியாது என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே நிலைமை, அதே வேண்டுகோள். ஐடாவும் அப்பாவும் சேர்ந்து வருவதாகச் சொல்லியும் அவர் ஏற்கவில்லை. மூன்றாவதாக இன்னொரு மேல்சாதி இந்து. அவரும் அப்படியே திரும்பினார்.

அன்று ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் தெருவில் சாவு மேளம். விசாரித்தபோது தெரிந்தது, மூன்று பெண்களுமே இறந்துவிட்டார்கள்.

மூன்று வீடு, மூன்று சமூகம். எங்கேயும் ஆண் டாக்டருக்கு அனுமதி இல்லை, பெண் டாக்டரும் கிடைக்கவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875-லேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட பெண்கள் சேர்ந்துவிட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால், அந்தப் படிப்பு திண்டிவனம் வரை வந்து சேரவில்லை. அறைக்குள் போய் நிறைய நேரம் அழுது, பிரார்த்தனை செய்த ஐடா, பெற்றோரிடம் வந்து டாக்டருக்குப் படிக்கப் போவதாகச் சொன்னார்.

போர்டு அழைத்து வராத ஒருவரை, வாசலில் வந்து நின்ற மூன்று கணவர்கள் அழைத்துவிட்டார்கள்.

10 ஆயிரம் டாலரும் ஒரு கட்டிலும்

1895-ல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். கார்னெல் பல்கலைக்கழகம் மருத்துவப் படிப்பில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதும் அங்கே மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். மற்றவர்கள் இங்கே வந்து தமிழ் படிக்க வேண்டியிருந்தது. ஐடாவுக்கு அது குழந்தையிலேயே கேட்டுப் பழகிய மொழி.

கிளம்பும் முன் மருத்துவமனைக்குப் பணம் திரட்ட வேண்டியிருந்தது. நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10 ஆயிரம் டாலர் கொடுத்தார். 1900-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். நார்த்ஃபீல்டு தோழி ஆனி ஹான்காக்கும் வேலூரில் அவரோடு பணியாற்றினார்.

அப்பாவிடம் சில வருஷம் தொழில் பழகலாம் என்று நினைத்திருந்தார். அதே ஆண்டு மே மாதம் அப்பா இறந்துவிட்டார். அனுபவம் இல்லை, கட்டடம் இல்லை. வேலூரில் இருந்த வீட்டிலேயே ஒரு கட்டிலோடு வைத்தியம் ஆரம்பித்தது. 40 படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தது 1902-ல்.

வெளியிலிருந்து ஆள் வருமா?

வேலை தொடங்கிய கொஞ்ச நாளிலேயே ஐடாவுக்கு ஒன்று புரிந்துவிட்டது. ஒரே ஒரு பெண் டாக்டரால் எத்தனை திண்டிவனங்களுக்குப் போக முடியும்? மாட்டு வண்டியிலும், பிறகு காரிலும் வேலூர் - குடியாத்தம் சாலையில் போய், மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தார். போகப் போகக் கூட்டம் கூடியதே தவிர, குறையவில்லை. அமெரிக்காவிலிருந்து ஒவ்வொருவராகத் தேடி, தேர்ந்தெடுத்து, மொழி கற்பித்துக் கொண்டுவந்தால் நூறு வருஷம் ஆனாலும் போதாது.

எனவே ஆளை இங்கேயே தயார் செய்ய முடிவெடுத்தார். 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி வந்தது. அடுத்து, பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. லூதியானாவில் 1894-லிலேயே அப்படி ஒன்று தொடங்கியிருந்தது. இங்கே, மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே உங்கள் அதிர்ஷ்டம் என்று அரசு மருத்துவ அதிகாரி எச்சரித்தார். முத்துலட்சுமி ரெட்டி 1912-ல்தான் டாக்டர் பட்டம் பெற்றிருந்தார். அதனால் அந்தச் சந்தேகத்தில் ஆச்சரியமும் இல்லை. ஆனால், இடம் கொடுக்க முடியாத அளவுக்கு விண்ணப்பங்கள் வந்தன. 1918 ஆகஸ்டு 12 அன்று பள்ளி திறந்தது. முதல் அணியில் 14 பெண்கள் 1922-ல் படித்து வெளியே வந்தார்கள்.

வீட்டை விட்டு வெளியே அனுப்பவே தயங்கிய காலத்தில், விடுதியில் தங்கி, உடற்கூறு படித்து வந்த பெண்கள் இவர்கள். ஐடாவின் கதையில் பாதி இவர்களுடைய துணிச்சல்தான்.

செலவை யார் ஏற்றது?

பெரும்பகுதி அமெரிக்கப் பெண்கள். லூசி பீபாடி என்பவர் முன்னின்று, வேலூர் மருத்துவப் பள்ளி, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி உள்பட ஆசியாவின் ஏழு பெண்கள் கல்லூரிகளுக்காக நிதி திரட்டினார். சபைப் பெண்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் ராக்ஃபெல்லர் நிதியிலிருந்து 10 லட்சம் என்பது ஏற்பாடு. சேர்த்துக் காட்டினார்கள்.

அப்படியும் பள்ளி ஒருமுறை மூடும் நிலைக்குப் போனது. 1930-களின் கடைசியில், டிப்ளமோ அளவிலான மருத்துவப் படிப்பு இனி வேண்டாம், எம்.பி.பி.எஸ். மட்டும் போதும் என்று சென்னை மாகாண அரசு முடிவு செய்தது. அதற்கேற்ற பேராசிரியர்களும் படுக்கைகளும் ஐடாவிடம் இல்லை. 70 வயதில் மறுபடி அமெரிக்கா போய் ஊர் ஊராக அலைந்தார்.

ஆண்களையும் சேர்த்தால் மற்ற மிஷன்களும் உதவும் என்ற யோசனை வந்தது. பெண்களுக்காக என்று நம்பிக் கொடுத்த பணம் அது என்று லூசி பீபாடி கடுமையாக எதிர்த்தார். நெடுநாள் தோழியின் மனக்கசப்பை ஏற்றுக்கொண்டு, பள்ளி பிழைக்க வேண்டும் என்ற பக்கம் நின்றார் ஐடா. 1942-ல் எம்.பி.பி.எஸ். வந்தது, 1947-ல் ஆண் மாணவர்களும் வந்தார்கள்.

குடும்பங்கள் கொடுத்த விலை

ஐடா அனுபவித்த பிரிவு அவரோடு நிற்கவில்லை. பிள்ளைகளைக் கடல் தாண்டி அனுப்பாமல் இருக்க, 1901-ல் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியது. இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் பள்ளி அதுதான். இருந்தும் எல்லோருக்கும் அது வழியாகவில்லை. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்ட், 9 வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். அதன் பிறகு அப்பாவை அவர் பார்க்கவே இல்லை. 1929-ல் அப்பா காய்ச்சலில் இறந்துபோனார். அந்தப் பையன்தான் 1946-ல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையில் நிமிர்த்திக் காட்டிய டாக்டர்.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆனால், ஒருகாலத்தில் தன்னை விட்டுப் போன அம்மாவை, அப்பா இறந்த பிறகு தன்னோடு வைத்துக்கொண்டார். 1925-ல் இறக்கும் வரை சோஃபியா மகளோடு வேலூரில்தான் இருந்தார்.

விமர்சனம் இல்லையா?

உண்டு. மிஷன் போர்டுகளின் நோக்கம் மதத்தைப் பரப்புவது. அதை அவர்களும் மறைக்கவில்லை. மருத்துவ உதவியோடு மதமாற்றத்தைச் சேர்ப்பது சரியல்ல என்று காந்தி வெளிப்படையாகவே சொன்னார். அந்த விவாதம் இன்றும் நடக்கிறது. இன்னொரு பக்கம், திண்டிவனத்தில் அன்று வந்த மூவருமே கிறிஸ்தவர்கள் அல்ல. வேலூரில் வரிசையில் நின்றவர்களிலும் பெரும்பாலோர் அல்ல. அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரு பெண் டாக்டர்.

இன்று என்ன மிச்சம்?

1946-ல் ஐடா பொறுப்பிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டே விசாகப்பட்டினத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ், நிறுவனத்தின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றார். அமெரிக்காவிலிருந்து ஆள் வந்தால்தான் நடக்கும் என்ற காலம் முடிந்ததற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் இல்லை. ஐடா 1960 மே 24 அன்று கொடைக்கானலில் காலமானார். 2000-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

சி.எம்.சி.யில் சபைகளின் ஆதரவோடு சேரும் மாணவர்கள், படித்து முடித்ததும் குறிப்பிட்ட காலம் சிறு ஊர் மிஷன் மருத்துவமனைகளில் வேலை பார்க்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. டாக்டர் இல்லாத ஊருக்கு டாக்டரை அனுப்புவதுதான் அதன் நோக்கம்.

திண்டிவனத்தில் ஸ்கடர் குடும்பத்தின் பெயரில் பள்ளி இன்றும் நடக்கிறது. இறந்துபோன அந்த மூன்று பெண்களின் பெயர் மட்டும் எங்கேயும் பதிவாகவில்லை.