உலக ஹிட் கொடுத்தும் கையில் காசில்லை... யார் இந்த ‘பாடும் கன்னியாஸ்திரி’?

1963 டிசம்பர். அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டே வாரம்தான் ஆகியிருந்தது. அந்த நேரத்தில் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது ஒரு பிரெஞ்சுப் பாட்டு. டிரம்ஸ் கிடையாது, ஆர்க்கெஸ்ட்ரா கிடையாது. ஒரு கிதார், கூடவே சில பெண்களின் கோரஸ். பாட்டின் பெயர் ‘டொமினிக்’. பாடியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஒரு கன்னியாஸ்திரி.

நாலு வாரம் அந்தப் பாட்டை யாராலும் இறக்க முடியல. ஆல்பமும் நம்பர் 1. பீட்டில்ஸ் அமெரிக்காவில் முதலிடம் பிடித்ததே அதற்கப்புறம், 1964 பிப்ரவரியில்தான்.

அவருடைய நிஜப் பெயர் ஜானின் டெக்கர்ஸ். 1933-ல் பிரசல்ஸில் பிறந்தவர். 1959-ல் வாட்டர்லூ அருகே உள்ள டொமினிக்கன் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். சகோதரி லூக் காப்ரியேல் என்று அங்கே பெயர் மாறியது. பாட்டில் வரும் டொமினிக் யார் என்றால், அந்தத் துறவற சபையைத் தொடங்கிய ஸ்பெயின் நாட்டுப் புனிதர். நம்ம ஊர் கத்தோலிக்கர்கள் சாமிநாதர் என்று சொல்வார்களே, அவர்தான்.

மடத்தில் கிதார் வாசித்து அவரே எழுதிய பாட்டுகள் எல்லோருக்கும் பிடித்துப்போனது. மடத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு ரெக்கார்டு போடலாம் என்றுதான் 1961-ல் பிரசல்ஸில் உள்ள பிலிப்ஸ் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். பிலிப்ஸ் அதைக் கடைகளுக்கே கொண்டுபோனது. ‘ஸர் சூரீர்’, அதாவது புன்னகை சகோதரி என்ற பெயரில். மற்றது வரலாறு: கிராமி விருது, 1964 ஜனவரியில் மடத்திலேயே படமெடுத்து ஒளிபரப்பான எட் சல்லிவன் ஷோ, 1966-ல் டெபி ரெனால்ட்ஸ் நடித்த ஹாலிவுட் படம். அந்தப் படம் வெறும் கற்பனை என்று டெக்கர்ஸ் ஒதுக்கிவிட்டார்.

சரி, பணம் எங்கே போச்சு?

துறவிகள் ஏழ்மை வார்த்தைப்பாடு எடுப்பவர்கள். சொந்தமாகச் சொத்தோ சம்பாத்தியமோ வைத்துக்கொள்ள முடியாது. பாட்டு விற்ற பணத்தில் பெரும்பகுதி ரெக்கார்டு நிறுவனத்துக்கும் தயாரிப்பாளருக்கும் போனது. அவர் பங்காக வந்த ராயல்டி நேராக மடத்துக்கு. உள்ளே இருந்தவரை இது அவருக்குப் பிரச்சினையே இல்லை.

1966-ல் அவர் மடத்தை விட்டு வெளியே வந்தபோதுதான் சிக்கல் ஆரம்பம். ஒப்பந்தப்படி ‘புன்னகை சகோதரி’ என்ற பெயரை அவர் பயன்படுத்தக் கூடாது. உலகமே அந்தப் பெயரைத்தான் தெரிஞ்சு வச்சிருந்தது! லூக் டொமினிக் என்ற புதுப் பெயரில் ஆல்பம் போட்டார், எடுபடவில்லை. 1967-ல் கருத்தடை மாத்திரையைப் பாராட்டி ஒரு பாட்டு பாடினார். கத்தோலிக்க உலகில் அந்தக் காலத்தில் அது எவ்வளவு துணிச்சல் என்று யோசித்துப் பாருங்கள். பழைய ரசிகர்களும் விலகினார்கள்.

அடுத்த அடி 1970களில். சுமார் 63,000 டாலர் வரி பாக்கி என்று பெல்ஜிய அரசு கணக்குப் போட்டது. பணம் என் கைக்கே வரவில்லை, மடத்துக்குக் கொடுத்தாச்சு என்பது அவர் வாதம். ரசீது? அது அவரிடம் இல்லை. சம்பாதித்தவர் யார் என்று வரித்துறை பார்த்தது; பணத்தை வைத்திருந்தது யார் என்பதைக் காட்ட அவரிடம் ஒரு பேப்பரும் கிடையாது. பர்கூர் சிப்காட்டில் முதல் வேலைக்குச் சேருகிறவருக்குக்கூட ஃபார்ம் 16 பத்தி நாலு பேர் சொல்லிக் கொடுப்பாங்க. 28 வயதில் ஸ்டூடியோவுக்குப் போன ஒரு துறவிக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

தோழி ஆனி பெஷேருடன் சேர்ந்து ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றை நடத்திவந்தார். பணமில்லாமல் அதுவும் மூடப்பட்டது. கடனை அடைக்க 1980களின் தொடக்கத்தில் அதே ‘டொமினிக்’கை சிந்தசைசர் வைத்து டிஸ்கோவாகப் பாடிப் பார்த்தார். அந்த வீடியோவைப் பார்க்கும்போது சிரிப்பு வரலாம். எதற்காகப் பாடினார் என்று தெரிந்தபின் சிரிக்க முடியாது.

1985 மார்ச் 29-ல் டெக்கர்ஸும் பெஷேரும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். டெக்கர்ஸுக்கு வயது 51. வாவ்ர் நகரக் கல்லறையில் இருவரும் ஒன்றாகவே அடக்கம் செய்யப்பட்டனர்.

2009-ல் அவர் வாழ்க்கை மறுபடி படமானது, இந்த முறை பிரெஞ்சில். செசில் தெ பிரான்ஸ் நடித்த அந்தப் படத்தின் தலைப்பு, ‘ஸர் சூரீர்’.

(மன அழுத்தமோ தற்கொலை எண்ணமோ இருந்தால் 104 அல்லது டெலி மானஸ் 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம்.)