தினம் தினம் சிறுநீரை அளந்தார்... சிலையாகிப்போன மனிதர்களை மீட்டார்!

நேத்து வரைக்கும் நல்லா பேசிட்டு இருந்தவர், இன்னிக்குக் காலையில கட்டில்ல சிலை மாதிரி உட்கார்ந்திருக்கார். கூப்பிட்டா திரும்பல. சாப்பாடு வெச்சா தொடல. சில வாரம் கழிச்சு எதுவுமே நடக்காத மாதிரி எழுந்து வர்றார். கொஞ்ச நாள்ல மறுபடியும் அதே நிலை. உங்க வீட்ல இப்படி நடந்தா என்ன நினைப்பீங்க? நடிப்பு? பிடிவாதம்? பேய்?

இதுக்குப் பேர் கேட்டடோனியா. 1874-ல் ஜெர்மன் டாக்டர் கால்பாம் வெச்ச பெயர். இது விட்டு விட்டுத் திரும்ப வருவது ரொம்ப அரிது. அந்த அரிய வகைக்காகவே பல வருஷங்களைக் கொடுத்தவர், நார்வே மனநல மருத்துவர் ரோல்வ் யெஸ்ஸிங்.

ஆஸ்லோ பக்கத்துல இருக்கிற டிகேமார்க் மருத்துவமனையில் வேலை பார்த்தார். 'மனசுல என்ன ஓடுது'ன்னு மட்டும் கேட்காம, 'உடம்புல என்ன ஓடுது'ன்னும் பார்த்தார். நோயாளிகளுக்குத் தினமும் ஒரே அளவு உணவு. நாடித்துடிப்பு, உடல் வெப்பம், சிறுநீர்னு எல்லாத்துக்கும் கணக்கு. ஒரு நாள், ரெண்டு நாள் இல்லைங்க, மாசக்கணக்கா!

அந்தக் கணக்குதான் ரகசியத்தை உடைச்சது. உணவுப் புரதத்திலிருந்து வரும் நைட்ரஜன், சில நாள்கள் உடம்பிலேயே தேங்கியது. சில நாள்கள் அதிகமா வெளியேறியது. நோய் வந்து போகும் சுற்றோடு இந்த ஏற்ற இறக்கமும் சேர்ந்தே நடந்தது. அப்போ வளர்சிதை மாற்றத்தை முடுக்கிவிட்டால்? தைராய்டு ஹார்மோனை அதிக அளவில் கொடுத்தார். தேங்கிய நைட்ரஜன் வெளியேறியது. பலருக்கு அந்தச் 'சிலை' நாள்கள் திரும்ப வரவே இல்லை.

தேங்கும் ஏதோ ஒரு நச்சுதான் மூளையைப் பாதிக்குதுன்னு அவர் நினைச்சார். அந்த நச்சு கடைசிவரை சிக்கல. 1959-ல் அவர் இறந்தபின், மகன் லெய்வ் ஆய்வைத் தொடர்ந்தார். 1976-ல் அது புத்தகமாகவும் வந்தது.

இன்னிக்கு கேட்டடோனியாவுக்கு லோராசெபாம் மருந்தும் மின்அதிர்வு சிகிச்சையும்தான் முதல்ல தரப்படுது. அதனால இதைப் படிச்சுட்டு நீங்களா தைராய்டு மாத்திரை போட்டுடாதீங்க, ப்ளீஸ்!

ஆனா, திடீர்னு உறைஞ்சுபோன ஒருத்தரை யாராவது 'சும்மா நடிக்கிறான்'னு சொன்னா, யெஸ்ஸிங்கை நினைச்சுக்கோங்க. கோயிலுக்கோ மந்திரவாதிகிட்டயோ போறதுக்கு முன்னாடி, அவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.