கூக்கபரா தந்த ஆசிரியை

நம்மில் புல்புல்லாக இருந்தவர்களுக்கு, முகாம் நெருப்பைச் சுற்றி அமர்ந்து பாடிய கூக்கபரா பாட்டு நினைவிருக்கும். சென்ற விடுமுறையில் பரணைச் சுத்தம் செய்தபோது என் மூன்றாம் வகுப்புப் பாட்டுக் குறிப்பேடு கிடைத்தது. ஒவ்வொரு பாட்டின் கீழும் இயற்றியவர் பெயரை எழுதச் சொல்லியிருந்தார்கள். கூக்கபராவின் கீழ் நான் 'யாரோ' என்று எழுதியிருந்தேன். அந்த 'யாரோ' யார் என்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

அவர் பெயர் மேரியன் சின்கிளேர். 1896-ஆம் ஆண்டு பிறந்த ஆஸ்திரேலியப் பெண்மணி. மெல்போர்ன் நகரின் டூராக் கல்லூரி என்னும் பெண்கள் பள்ளியில் விடுதி மாணவியாகத் தங்கிப் படித்தார். பின்னர் அங்கேயே இசை ஆசிரியையானார். 1920 முதல் அப்பள்ளியின் சாரணியர் படையிலும் பணியாற்றினார்.

1932-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேவாலயத்தில் இருந்தபோது அவர் மனத்தில் இப்பாட்டு உதித்தது. மறந்துவிடக் கூடாதே என்று வீட்டிற்கு விரைந்து எழுதி வைத்தார். கூக்கபரா என்பது மீன்கொத்தி இனத்துப் பறவை. அதன் குரல் மனிதர் வாய்விட்டுச் சிரிப்பது போலவே ஒலிக்கும். முதல் அணி ஒரு வரியை முடித்ததும் அடுத்த அணி முதல் வரியைத் தொடங்க, நான்கு அணிகள் தொடர்ந்து பாடும்படி மெட்டமைத்தார்.

1934-இல் விக்டோரியா மாநிலச் சாரணியர் சங்கம், முகாம் நிலம் வாங்க நிதி திரட்டும் பொருட்டுப் பாட்டுப் போட்டி ஒன்றை நடத்தியது. அம்மையாரின் பாட்டு வெற்றி பெற்றது. அவ்வாண்டே பிராங்க்ஸ்டன் பெருமுகாமில், பேடன் பவல் தம்பதியர் முன்னிலையில் அது பாடப்பெற்றது. பிறகு கடல் கடந்து நாடு நாடாகச் சென்றது. பாட்டு பரவப் பரவ இயற்றியவர் பெயர் உதிர்ந்தது. பலரும் அதைப் பழைய நாட்டுப்பாடல் என்றே எண்ணினர்.

1988-இல், தொண்ணூறு வயதைக் கடந்த நிலையில், அம்மையார் மறைந்தார். பாட்டின் உரிமையைப் பின்னர் ஓர் இசை நிறுவனம் வாங்கியது. புகழ்பெற்ற 'டவுன் அண்டர்' என்னும் பாடலின் புல்லாங்குழல் இசையில் கூக்கபராவின் மெட்டு கலந்திருப்பதாக வழக்கு எழுந்தது. 2010-இல் நீதிமன்றம் அதை ஏற்று, 2002 முதலான உரிமைத்தொகையில் 5 சதவீதம் அளிக்கத் தீர்ப்பளித்தது. அவ்வழக்கின்போது அவர் பெயர் மீண்டும் செய்தித்தாள்களில் வந்தது. ஆனால் அதைக் காண அவர் உயிரோடு இல்லை.

தோழியரே, நமக்குப் பாட்டும் தையலும் கற்றுத் தருபவர்களின் பெயர்களையும் நாம் இப்படித்தான் மறந்துவிடுகிறோமோ? அணி அணியாகப் பாடும்போது முதலில் தொடங்கியவரே முதலில் முடித்து மௌனமாகிறார். பாட்டோ தொடர்கிறது. என் குறிப்பேட்டில் 'யாரோ' என்பதை அடித்துவிட்டு மேரியன் சின்கிளேர் என்று எழுதிவிட்டேன். அடுத்த முகாமில் பாட்டைத் தொடங்கும் முன் தங்கையரிடம் அப்பெயரையும் சொல்வேன்.