ஜான் பென்னிகுயிக்

ஜான் பென்னிகுயிக் (ஜனவரி 15, 1841 – மார்ச் 9, 1911) முல்லைப் பெரியாறு அணையை வடிவமைத்துக் கட்டிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆவார். மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றின் நீரை மலையைக் குடைந்து கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பிய பணியால் இவர் அறியப்படுகிறார்.

வாழ்க்கைக் குறிப்பு

இவர் புனே நகரில் பிறந்தார். தந்தையும் அண்ணன் ஒருவரும் 1849 இல் நிகழ்ந்த சில்லியன்வாலா போரில் ஒரே நாளில் உயிரிழந்தனர். இங்கிலாந்தின் அடிஸ்கூம் படைக் கல்லூரியில் பயின்ற பென்னிகுயிக், 1860 இல் சென்னைப் பொறியாளர் படைப்பிரிவின் அதிகாரியாக இந்தியா வந்தார். 1868 இல் அபிசீனியப் படையெடுப்பில் பங்கேற்றார். பின்னர் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையில் பணியாற்றினார்.

பெரியாற்றுத் திட்டம்

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் இவருக்கு முற்பட்டது. இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 18 ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இதனை ஆராய்ந்தார். 1808 இல் ஆய்வு செய்த ஜேம்ஸ் கால்டுவெல் இது நடவாது என அறிக்கை அளித்தார். 1876–78 ஆண்டுகளின் கொடும் பஞ்சத்திற்குப் பிறகே அரசு இதில் முனைப்புக் காட்டியது. 1882 இல் திட்டத்தைச் சீரமைக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 இல் திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1887 இல் பணி தொடங்கியது.

முன்னர் முன்மொழியப்பட்டிருந்தது மண் அணை ஆகும். கட்டுமானத்தின் இடையே வெள்ளம் மேலேறிப் பாய்ந்தால் மண் அணை கரைந்துவிடும். எனவே பென்னிகுயிக் ஈர்ப்பு அணையைத் தேர்ந்தார். தன் எடையாலேயே நீரின் அழுத்தத்தைத் தாங்கி நிற்பது இவ்வகை அணை. முன்னும் பின்னும் கற்கட்டு, நடுவே சுண்ணாம்பும் சுர்க்கியும் (சுட்ட செங்கற்பொடி) கலந்த காரை என அமைந்த இதன் நீளம் சுமார் 1200 அடி.

இங்கு நீரைத் தேக்குவதைப் போலவே அதன் மட்டத்தை உயர்த்துவதும் நோக்கமாகும். ஏறத்தாழ 104 அடி உயரத்திற்குக் கீழ் நிற்கும் நீர் தமிழகத்திற்கு வாராது. அதற்கு மேல் உள்ளதே 1.7 கி.மீ. அளவிலான சுரங்கத்தின் வழியே கிழக்கே பாயும். எனவே முழு மட்டமான 152 அடியில் சில அடிகள் குறைந்தாலும் பயன்படும் நீர் பெரிதும் குறைகிறது. பிற்கால நீர்மட்ட வழக்குகள் இத்தனை கடுமையாக நடந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1979 இல் 136 அடியாகக் குறைக்கப்பட்ட மட்டத்தை, அணை வலுப்படுத்தப்பட்ட பின் 142 அடியாக உயர்த்த உச்ச நீதிமன்றம் 2006 இல் இசைவளித்து, 2014 இல் அதனை உறுதி செய்தது.

அடர்காட்டில் நடந்த இப்பணியில் வெள்ளம் தற்காலிகக் கட்டுமானங்களைப் பலமுறை அடித்துச் சென்றது. மலேரியா முதலிய நோய்களால் தொழிலாளர் பலர் மாண்டனர்; அவர்களுள் பெரும்பாலோரின் பெயர் இன்று எவருக்கும் தெரியாது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

அரசு நிதியை நிறுத்தியதால் பென்னிகுயிக் தம் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்ற செய்தி மக்களிடையே பரவலாக வழங்குகிறது. எனினும் அரசுப் பணத்தில் கட்டப்பட்டதாகவே அலுவல் பதிவுகள் காட்டுகின்றன. அவர் மீது மக்கள் கொண்ட அன்பின் வெளிப்பாடாகவே அச்செய்தியைக் கொள்ளலாம்.

பிற்காலம்

1896 இல் இந்தியப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரியின் தலைவராக 1899 வரை பணியாற்றினார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத் தடுப்பு குறித்தும் ஆலோசனை வழங்கினார். 1911 இல் இங்கிலாந்தின் கேம்பர்லி நகரில் காலமானார்.

தாக்கம்

மேற்கு நோக்கிப் பாயும் ஆறுகளை மலைக்கு இப்பால் கொணரும் இம்முறை, பின்னாளில் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்திலும் கையாளப்பட்டது. ஆனைமலை ஆறுகளின் நீர் சுரங்கங்கள் வழியே திருமூர்த்தி அணையை அடைந்து, இன்றைய திருப்பூர் மாவட்டத்தின் உடுமலை, பல்லடம், காங்கேயம் பகுதி வயல்களுக்குப் பாய்கிறது. பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற இவ்வட்டாரம் மழைமறைவுப் பகுதியாதலால் அங்கு வேளாண்மை இந்நீரையே பெரிதும் சார்ந்துள்ளது.

நினைவு

தேனி மாவட்டம் லோயர் கேம்ப்பில் தமிழக அரசு எழுப்பிய மணிமண்டபம் 2013 இல் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் இவரது பிறந்த நாளன்று உழவர்கள் பொங்கல் வைக்கின்றனர். பிள்ளைகளுக்கு இவர் பெயரைச் சூட்டும் வழக்கமும் அங்கு உண்டு.